மஞ்சள் பட்ட ஐந்து நோட்டுகள்

குணசேகரை நான் முதலில் கவனித்தது அவர் தூங்கிக்கொண்டிருந்தபோதுதான். பெங்களூர் பீன்யாவில் நான் கணக்கு எழுதும் கம்பெனியில் மதியச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் விடுவார்கள். அவர் பத்து நிமிடத்தில் டப்பாவைக் காலி செய்துவிட்டு, மீதி இருபது நிமிடமும் ஷெட் சுவரில் சாய்ந்து தூங்குவார். மணி அடித்ததும் யாரும் எழுப்பாமலே எழுந்து போய்விடுவார். இருபது நிமிடத்தில் அப்படி என்ன தூக்கம் என்று ஒருநாள் பொறுக்காமல் கேட்டுவிட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"ராத்திரித் தூக்கத்துல மிச்சம் மேடம் இது," என்றார். "ரயில்ல கொஞ்சம், இங்க கொஞ்சம். சேத்துப் பாத்தா சரியாப் பூடும்."

அவர் வீடு கோலார் தங்கவயலில் இருந்தது. அப்பா சுரங்கத் தொழிலாளி. மகன் ஐ.டி.ஐ. முடித்து ஃபிட்டராக வெளியே வந்தபோது சுரங்கத்தில் ஆள் எடுப்பதையே நிறுத்தியிருந்தார்கள். 2001-இல் சுரங்கத்தையே மூடிவிட்டார்கள். ஊரில் பாதிப் பேரைப்போல இவரும் தினமும் பெங்களூருக்கு ரயிலில் வந்து போனார். விடியற்காலை நாலரைக்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். மாரிக்குப்பத்தில் ரயில் ஏறி, சிட்டி ஸ்டேஷனில் இறங்கி, பஸ் பிடித்துப் பீன்யா வந்து சேர எட்டரை ஆகிவிடும். திரும்ப வீடு போய்ச் சேரும்போது இரவு ஒன்பதரை. மகள் வைஷ்ணவிக்கு அப்போது ஆறு வயது. அவர் கிளம்பும்போதும் குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும், திரும்பும்போதும் தூங்கிக்கொண்டிருக்கும். ஞாயிற்றுக்கிழமைதான் அப்பாவும் பெண்ணும் முகம் பார்த்துக்கொள்வது.

பெங்களூரிலேயே, ஒக்கலிபுரத்தில் அவர் ஒரு வீடு பார்த்து வைத்திருந்தார். ஓர் அறை, சின்னச் சமையலறை, வெளியே பொதுக் குழாய். அங்கே வந்துவிட்டால் ரயிலே வேண்டாம். பஸ்ஸில் அரை மணி நேரத்தில் பீன்யா. வாடகை இரண்டாயிரத்து ஐந்நூறு. ஆனால் பெங்களூரில் வாடகையா ஆளைக் கொல்கிறது? அட்வான்ஸ்தான் கொல்கிறது. பத்து மாத வாடகையை முன்பணமாக வை என்று வீட்டுக்காரர்கள் வாய் கூசாமல் கேட்பார்கள். அந்த வீட்டுக்காரர் சுப்பராயன் கேட்டது இருபத்தைந்தாயிரம். குணசேகர் கையில் இருந்தது ஏழாயிரம். அடுத்த மாதம் பத்தாம் தேதி வரை பொறுப்பேன், அதற்குமேல் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று சுப்பராயன் சொல்லிவிட்டார். பதினெட்டாயிரத்துக்கு எங்கே போவது என்று இவர் விழித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் இந்தோனேசியா வந்தது.

நாங்கள் செய்வது பிஸ்கட் பாக்கெட் போடும் இயந்திரம். 2003-இல் இந்தோனேசியாவின் சுரபாயாவில் உள்ள ஒரு பிஸ்கட் ஆலை எங்களிடம் ஓர் இயந்திரம் வாங்கியது. அங்கே போய்ப் பொருத்தி, ஓட்டிக் காட்டிவிட்டு வர வேண்டும். வழக்கமாக இஞ்சினியர்தான் போவார். அந்த முறை இரண்டு இஞ்சினியர்களுக்கும் ஏதேதோ காரணம் இருந்தது. குணசேகரிடமோ, வளைகுடாவுக்குப் போகலாம் என்று எப்போதோ எடுத்து வைத்த பாஸ்போர்ட் சும்மா கிடந்தது. உண்மையைச் சொன்னால், அந்த இயந்திரத்தின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று இஞ்சினியர்களைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

எங்கள் முதலாளி பழனிச்சாமி கோயம்புத்தூர்க்காரர். குணசேகரை என் அறைக்குக் கூப்பிட்டு, எனக்கு எதிரிலேயே சொன்னார்: "இருவது நாள் வேலைப்பா. தங்க இடமும் மத்தியானச் சோறும் ஆலைக்காரங்க குடுத்துருவாங்க. மத்த செலவுக்கு நாளைக்கு இருவத்தஞ்சு டாலர். இஞ்சினியருக்கு என்னவோ அதேதான் உனக்கும். தின்னாலும் சரி, மிச்சம் புடிச்சாலும் சரி, நான் கணக்குக் கேக்க மாட்டேன்."

மொத்தம் ஐந்நூறு டாலர். முதலாளி போனதும் குணசேகர் என் மேசையருகே வந்து, ஒரு டாலர் எவ்வளவு என்று கேட்டார். நாற்பத்தாறு ரூபாய் சுமார் என்றேன். நானூறு டாலருக்கு எவ்வளவு என்றார். பதினெட்டாயிரத்து நானூறு.

"அப்போ வூடு ஆச்சு மேடம்," என்றார். "நாலு நோட்டு வூட்டுக்கு. ஒரு நோட்டு எனக்கு."

மௌரீனிடம்தான் டாலர் வாங்கினேன். பிரிகேட் ரோடு பக்கத்துச் சந்து ஒன்றில், நாணய மாற்றுக் கடையின் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பாள். உள்ளூர் மர்பி டவுன்காரி, நல்ல தமிழ் பேசுவாள், கோபம் வந்தால் இங்கிலீஷ். கம்பெனிக் கடிதத்தையும் டிக்கெட்டையும் பார்த்து, பாஸ்போர்ட்டில் தொகையை எழுதி முத்திரை குத்தினாள். "இந்தோனேசியாவா? அப்போ நூறு டாலர் நோட்டாவே வாங்கிக்கோ மைதிலி. சில்லறை நோட்டுக்கு அங்க ரேட் கம்மி. மடிக்கக் கூடாது, பின் அடிக்கக் கூடாது, மேல நம்பர் எழுதக் கூடாது. அவங்க நோட்டுல அழகு பாக்கறவங்க," என்றாள். இஸ்திரி போட்டதுபோல் ஐந்து புது நோட்டுகளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தாள். நான் குழந்தையை எடுத்துவருவதுபோல் எடுத்துவந்தேன்.

எடுத்துவந்து நான் செய்த காரியம்தான் இந்தக் கதை.

எங்கள் கம்பெனியில் எது வெளியே போனாலும் மஞ்சளும் குங்குமமும் வைத்துத்தான் போகும். இயந்திரத்துக்கு வைப்போம், லாரிக்கு வைப்போம், புதுச் செக் புத்தகத்தின் மூலைக்கு வைப்போம். முதலாளியின் கட்டளை அது. அன்றும் அவரே ஸ்டோர்ஸ் அறையில் சாமி படங்களுக்கு முன்னால் தட்டில் டிக்கெட், பாஸ்போர்ட், டாலர் மூன்றையும் வைத்துக் கற்பூரம் காட்டினார். "வையம்மா" என்றார். மஞ்சளைக் குழைத்தேன். பாஸ்போர்ட்டின் மேலட்டையில் ஒரு பொட்டு. டிக்கெட்டில் ஒரு பொட்டு. ஐந்து நோட்டையும் உறையிலிருந்து உருவி, விசிறிபோல் விரித்து, ஒவ்வொன்றின் வலது மூலையிலும் ஒரு பொட்டு. எழுதக் கூடாது, மடிக்கக் கூடாது என்பதெல்லாம் என் நினைவில் அப்படியே இருந்தது. மஞ்சள் அந்தப் பட்டியலில் வரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மௌரீனுக்கும் தோன்றியிருக்காது.

குணசேகர் குடும்பம் பௌத்தர்கள். அவர் வீட்டில் இந்த வழக்கமெல்லாம் கிடையாது. ஆனாலும் மறுப்புச் சொல்லாமல் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

போன ஐந்தாம் நாள் ஆலையிலிருந்து போன் செய்தார். இயந்திரத்தைத் தளத்தில் இறக்கியாகிவிட்டது, ஒரு பெல்ட் மட்டும் சைஸ் சரியில்லை, அனுப்பி வையுங்கள் என்றார். குறித்துக்கொண்டு, "காசு மாத்திட்டீங்களா குணசேகர்?" என்று கேட்டேன்.

"எல்லாம் சரியா கீது மேடம்," என்றார்.

நானும் நம்பிவிட்டேன். இருபது நாளும் எனக்கு வேறு வேலை இருந்தது.

அவர் திரும்பி வந்தது ஆறாம் தேதி. காலையில் என் அறை வாசலில் வந்து நின்றவரைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். சட்டைக் காலருக்குள் கழுத்து தனியாக ஆடியது. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. காய்ச்சலா என்று கேட்டேன். இல்லை என்று சொல்லிவிட்டு, பையிலிருந்து அதே பிளாஸ்டிக் உறையை எடுத்து என் மேசைமேல் வைத்தார்.

"இத மாத்திக் குடுக்கணும் மேடம். பத்தாம் தேதிக்குள்ள."

உள்ளே ஐந்து நோட்டுகள் இருந்தன. ஐந்தின் மூலையிலும் என் விரல் அளவுக்கு மஞ்சள். ஒன்றில் மட்டும் அது சிவந்து, தேமல்போல் படர்ந்திருந்தது. நான் தலையும் புரியாமல் வாலும் புரியாமல் அவரைப் பார்த்தேன். உட்காரச் சொல்லி, விட மாட்டேன் என்று பிடித்துக்கொண்டபிறகுதான் சொன்னார்.

நான் போனில் கேட்டதற்கு முன்பே, முதல் சனிக்கிழமை ஆலை வேன் டிரைவர் அவரை நகரத்தில் இறக்கிவிட்டிருக்கிறார். வீட்டுக்கான நான்கு நோட்டை உறையிலேயே வைத்துவிட்டு, தனக்கான ஒரே நோட்டை எடுத்து நாணய மாற்றுக் கடையில் நீட்டியிருக்கிறார். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் அதை விளக்குக்குக் கீழே வைத்து, பூதக்கண்ணாடியால் பார்த்து, மூலையைக் காட்டி, தலையை ஆட்டித் திருப்பிக் கொடுத்துவிட்டாள். சரி, இந்த நோட்டில்தான் ஏதோ கோளாறு என்று வேறொன்றை எடுத்தார். அதிலும் மூலையைக் காட்டினாள். பாங்குக்குப் போனார். அங்கே ஒரு சின்ன பேனாப் புள்ளி இருந்தால்கூட வாங்க மாட்டோம் என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பினார்கள். மூன்றாவதாக, சந்தைக்குள் ஒரு சின்னக் கடை. அங்கே இருந்தவர் மட்டும் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கால்குலேட்டரில் அறுபது என்று தட்டிக் காட்டினார். நூறு டாலருக்கு அறுபது டாலர் மதிப்புதான் தருவாராம்.

"மாத்தியிருக்கலாமே," என்றேன்.

"மாத்தலாம்னுதான் மேடம் பாத்தேன். அப்புறம் ஒரு யோசனை. கறைதான பிரச்சினை, கறைய எடுத்துட்டா முழு நூறும் குடுப்பான்ல? ரூமுக்குப் போயி அந்த ஒரு நோட்டைச் சோப்புப் போட்டுத் தேச்சேன்."

மஞ்சள் பட்ட துணியில் சோப்புப் போட்டால் என்ன ஆகும் என்று தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் குழந்தைக்குக்கூடத் தெரியும். பளீரென்று சிவந்துவிடும். அவருக்கும் தெரியும். அது துணிக்குத்தான், காகிதத்துக்கு அப்படி ஆகாது என்று நினைத்தாராம். திங்கட்கிழமை வேலை முடிந்ததும் அந்த நோட்டோடு சந்தைக் கடைக்கு நாலு மைல் நடந்தே போயிருக்கிறார். கடைக்காரர் சிவப்பைப் பார்த்ததும் ரத்தம் என்று நினைத்தாரோ என்னவோ, கையால்கூடத் தொடவில்லை.

சிவந்த நோட்டு நம் ஊரில்கூடச் செல்லுமா என்பதே சந்தேகம்; மீதி இருந்தது வீட்டுக்கான நான்கு நோட்டுதான். அதில் ஒன்றை அறுபதுக்கு மாற்றினால் வயிறு நிறையும். ஆனால் மூன்று நோட்டுக்குப் பதிமூன்றாயிரத்து எண்ணூறுதான் வரும். வீடு போய்விடும். அவர் அந்த நான்கையும் தொடவில்லை. பையில் இருந்த நம் ஊர் ஐந்நூறு ரூபாயை அங்கே யாரும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மதியம் ஆலைக் கான்டீனில் சாப்பாடு. இரண்டாம் தடவையும் தட்டை நீட்டுவாராம். ராத்திரிக்கு, மனைவி தமயந்தி கட்டிக் கொடுத்த அவலும் முறுக்கும். அது பத்து நாளில் தீர்ந்துவிட்டது. அதன்பின் ஒரு வேளைதான். ஞாயிற்றுக்கிழமை கான்டீனுக்கு விடுமுறை. அப்படி ஒரு ஞாயிறு முழுவதும் தண்ணீர் குடித்தே ஓட்டியிருக்கிறார். அடுத்த ஞாயிறு, விடுதியில் தண்ணீர் மோட்டார் கெட்டுப்போய், இவர் பிரித்துச் சரி செய்து கொடுத்ததற்குக் காவலாளி வாழையிலையில் மடித்த சோற்றுப் பொட்டலம் கொண்டுவந்து தந்தாராம். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி என்று நாம் சும்மா பேச்சுக்குச் சொல்கிறோம். இந்த மனிதர் அதை அப்படியே செய்துவிட்டு வந்து என் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "போன்ல கேட்டேனே, ஏன் சொல்லலை?"

"சொன்னா சார் உங்களத் திட்டுவாரு. அப்புறம், ஆலைக்காரங்ககிட்ட வாங்கிக்கன்னு சொல்லுவாரு. வாங்கினா அத இதுலேந்து கழிப்பீங்க. நம்ம ஊர்ல மஞ்சளுக்கு யாரும் பயப்பட மாட்டாங்க, எப்படியும் கொண்டாந்துட்டா வூடு ஆயிடும்னு தெரியும் மேடம். இருவது நாள்தான?"

நான் நோட்டுகளை மேசைமேல் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது முதலாளி உள்ளே வந்தார். இயந்திரம் நன்றாக ஓடுகிறது என்று சுரபாயாவிலிருந்து கடிதம் வந்திருந்தது. அந்தச் சந்தோஷத்தில் குணசேகரின் தோளைத் தட்டப் போனவர், மேசையில் விரித்திருந்த நோட்டுகளைப் பார்த்துவிட்டார்.

"என்னப்பா, அஞ்சும் அப்படியே இருக்குது?"

குணசேகர் எழுந்து நின்றார். "சாப்பாடெல்லாம் அவங்களே பாத்துக்கிட்டாங்க சார். செலவு ஆகல."

"ஓ," என்றார் முதலாளி. கொஞ்சம் யோசித்தார். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் காசைப் பார்த்தால் கை தானாக நீளும். "செலவே ஆகலைன்னா அது கம்பெனிக் காசுதானுங்களே? மிச்சம் புடிக்கறது வேற, செலவே ஆகாதது வேற. மைதிலி, இதை வாங்கி வையி. குணாவுக்கு ஏதாச்சும் ரெண்டாயிரம் போனஸ் மாதிரி போட்டுரு."

குணசேகர் நிமிர்ந்து சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். தேதி ஆறு. பத்துக்கு இன்னும் நாலு நாள். பட்டினி கிடந்த இருபது நாளும் அவர் முகம் இப்படி ஆகியிருக்காது. என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று அவர் சொன்ன பொய்தான் இப்போது அவர் வீட்டைப் பிடுங்கிக்கொண்டிருந்தது. நான் வாயை மூடிக்கொண்டு இருந்தால் என் வேலைக்கு ஒன்றும் ஆகாது. அந்த நினைப்பு எனக்கு வந்தது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

"சார், அந்த மூலையைப் பாருங்க," என்றேன். "அந்த மஞ்சளை வெச்சது நான்."

"வைக்கச் சொன்னது நானு. அதுக்கென்ன?"

"அதனாலதான் அங்க ஒருத்தரும் வாங்கலை. மத்தியானம் ஒரு வேளைச் சோத்துல இருந்திருக்கார். ஞாயித்துக்கிழமை அதுவும் இல்லை. கழுத்தைப் பாருங்க சார். தின்னாலும் சரி, மிச்சம் புடிச்சாலும் சரி, கணக்குக் கேக்க மாட்டேன்னு நீங்க இதே இடத்துல நின்னு சொன்னீங்க. அவர் தின்னாம மிச்சம் புடிச்சிருக்கார்."

சொல்லிவிட்டு நோட்டுகளை அவர் முன்னால் நகர்த்தினேன்.

முதலாளி நோட்டு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். சிவந்த நோட்டு வந்ததும் நின்றார். "சோப்புப் போட்டியா?"

"ஆமா சார். செவந்துடுச்சு."

"மஞ்சளுக்குப் போயி சோப்புப் போட்டியே, கிறுக்கு," என்றார். குரலில் பழைய உரம் இல்லை. "ஒரு போன் பண்ணியிருக்கலாமேப்பா." முதலாளி நோட்டுகளைத் தட்டிச் சமமாக்கி உறைக்குள் போட்டு, மேசையில் அவர் பக்கமாகத் தள்ளினார்.

"வவுச்சர் எழுதம்மா."

"என்னன்னு சார் எழுதட்டும்?"

"பயணப்படி ஐந்நூறு டாலர். முழுசும் செலவு," என்று சொல்லிவிட்டு, எங்கள் முகத்தைப் பார்க்காமலே வெளியே போனார். அதற்குப் பின்னும் எங்கள் இயந்திரங்களுக்கும் லாரிகளுக்கும் மஞ்சள் வைத்துத்தான் அனுப்புகிறோம். வெளிநாட்டு நோட்டு மட்டும் அந்தத் தட்டுக்கு வருவதில்லை.

அன்று மாலையே குணசேகரை அழைத்துக்கொண்டு மௌரீனிடம் போனேன். கதையைக் கேட்டுவிட்டு அவள் இங்கிலீஷில் என்னைத் திட்டினாள், தன்னையும் சேர்த்துத் திட்டிக்கொண்டாள். நான்கு நோட்டுக்கு முழு விலை கொடுத்தாள். சிவந்த நோட்டை மட்டும் அன்றைய ரேட்டில் பத்து சதவீதம் குறைத்துத்தான் எடுக்க முடியும் என்றாள். அதுவே தன் சொந்தப் பொறுப்பில்தானாம். அந்தக் குறையும் பத்து சதவீதத்தை நான் கொடுத்துவிடுகிறேன் என்று பையைத் திறந்தேன்.

"வேணா மேடம்," என்று தடுத்தார் குணசேகர். "மஞ்ச வெச்சது நீங்க. சோப்புப் போட்டது நான்."

ஒன்பதாம் தேதி சுப்பராயனிடம் அட்வான்ஸ் கொடுத்தார். மாதக் கடைசியில் ஒரு டெம்போவில் சாமான் வந்து இறங்கியது. வைஷ்ணவியை அங்கேயே பக்கத்தில் ஒரு பள்ளியில் சேர்த்தார்கள்.

குடிவந்த வாரம், ஒரு புதன்கிழமை மதியம், ஷெட் பக்கமாகப் போனேன். குணசேகர் வழக்கம்போல் சுவரில் சாய்ந்திருந்தார், ஆனால் கண் திறந்திருந்தது. என்ன, தூக்கமெல்லாம் தீர்ந்துவிட்டதா என்று கேட்டேன். சிரித்தார்.

"நேத்து சாயங்காலம் ஆறரைக்கு வூட்டுக்குப் போனேன் மேடம். பாப்பா வாசல்ல உக்காந்து ஹோம் ஒர்க் எழுதிக்கினு இருந்துச்சு. என்னப் பாத்ததும் நோட்ட மூடிட்டு உள்ள ஓடிச்சு. அம்மாகிட்ட சொல்லுது, இன்னைக்கு ஞாயித்துக்கிழமைம்மா, நான் முழிச்சுக்கினு இருக்கும்போதே அப்பா வந்துட்டாருன்னு."